ஆனியிலேயே புறப்பட்ட மூட்டை

வில்லியனூர்,
ஆடி 3, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி இளங்கோவனுக்கு,

இங்கு நம் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பதறிவிடக் கூடாதே என்றுதான் இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பம்பாயில் மழை விடாமல் பெய்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நீ நனையாமல், தலையில் ஈரம் தங்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தோம்.

நான் கடிதம் எழுதுவதற்கு நீ மன்னிக்க வேண்டும். இத்தனை வருஷமாக அப்பா எழுதும் இன்லண்டில் கடைசியாக மடிக்கிற இடத்தில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று ஒரு வரி சேர்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். முழுக் கடிதம் எழுதி உன் நேரத்தை எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் கடையில் கட்டுக்கம்பி அவிழ்க்கும்போது அப்பாவுக்குக் கட்டைவிரலில் கிழித்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை, ஊசி போட்டாயிற்று, காயம் ஆறி வருகிறது, பேனாதான் பிடிக்க முடியவில்லை. நீயே எல்லாவற்றையும் எழுதி எந்த வண்டியில் வருவது என்று அவனையே கேட்டுவிடு என்று சொல்லிவிட்டார். இன்லண்டில் இடம் போதாது என்று தெரிந்து தபாலாபீசில் கவர் வாங்கி வந்தேன். எழுதுகிற பேனா நீ போன தீபாவளிக்கு வந்துபோன பிறகு சமையல்கட்டுச் சன்னலில் இருந்தது. நீ மறந்துவிட்டுப் போனாயா, வைத்துவிட்டுப் போனாயா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. நன்றாக எழுதுகிறது. என் பங்குக்கும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன், அதுவரை தைரியம் இருந்தால்.

ஆனி மாதம் நீ எழுதிய கடிதத்தை அப்பா முதலில் கடையில் தனியாகப் படித்துவிட்டு, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடியும் படித்தார். தையல்நாயகி வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்ற இடத்தில் கமலவேணி அத்தை சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய்ச் சாமி படத்தின் முன்னால் நின்றுவிட்டுத்தான் வந்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பம்பாயிலேயே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், அப்பாவும் அத்தையும் மெட்ராசிலிருந்து விமானத்தில் வந்துவிடுங்கள், டிக்கெட் நான் போட்டு அனுப்புகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். "அப்பாவும் அத்தையும்" என்று வந்த இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு படித்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை தம்பி. உன் அம்மா போன பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ மெட்ராசில் காலேஜ் விடுதியில் இருந்தாய், பிறகு பம்பாய் போய்விட்டாய். லீவுக்கு வந்தால் சமையல்கட்டுக் கதவைப் பார்த்து "சாப்பாடு வைக்கிறீங்களா" என்று கேட்பாய், நான் தட்டைப் பார்த்து "இதோ" என்று சொல்வேன். உன்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவள், என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று உனக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை. அதனால் நீ கடிதம் எழுதும்போது என் பெயர் விட்டுப்போனது இயல்புதான். ஆனாலும் ரசத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, அத்தை கையைத் தடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதலில் அத்தை விமானம் கூடவே கூடாது என்றார்கள். "ஆகாசத்துல பறந்து போறதுக்கு நான் இன்னா காக்காவா?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கோயில் குளத்தங்கரையில் நாலு பேரிடம் என் தம்பி பிள்ளை என்னை ஏரோப்ளேனில் கூப்பிட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் பூக்காரியிலிருந்து ஐயர் வரைக்கும் எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்வாங்க வழியில்லாமல் போய்விட்டது. பயமெல்லாம் இல்லை, ராகுகாலம்தான் இடிக்கிறது என்று அத்தை வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். ரயிலானால் ஸ்டேஷனில் நிற்கும்போது இறங்கி நின்றுவிடலாம், காரானால் ஓரமாக நிறுத்தச் சொல்லலாம், ஆகாயத்தில் இருக்கும்போது ராகுகாலம் வந்தால் எங்கே இறங்கி நிற்பது என்று கேட்டார்கள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் பதில் தெரியாத கேள்வியெல்லாம் பி.ஏ. படித்தவள் என்று என்னிடம்தான் வந்து சேரும். சரித்திரம் படித்தவளுக்கு ராகுகாலம் மேலே உண்டா என்று எப்படித் தெரியும்? பூமிக்குத்தான் நேரம் என்று நினைக்கிறேன் என்றேன். அத்தை நம்பவில்லை.

பக்கத்து வீட்டு மரியதாஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்து விமானத்தின் கட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இப்போது பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர் அல்லவா, சைகோன் போனவர், பட்டாளத்து விமானத்தில் ஏறியிருக்கிறார். ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், அவ்வளவுதான் என்று சொல்லி, நம் அத்தைக்கு எச்சில் விழுங்கியும் காட்டினார். அப்பாவிடம், "நமச்சிவாயம், ஏரோப்ளேன்ல பயம் இல்லப்பா, மெட்ராசு வரைக்கும் நம்ம பஸ்ல போறியே அதுதாம்பா பயம்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு அப்பா ஒருநாள் புதுச்சேரிக்குப் போய் டிக்கெட் போடும் ஏஜென்டிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். அங்கேதான் ஒரு கூத்து ஆரம்பமாயிற்று.

ஆளுக்கு இருபது கிலோதான், எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள் என்று அந்த ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மூட்டை முடிச்சுகளைத்தான் சொன்னார். ஆனால் உன் அப்பா பிறந்ததிலிருந்து கம்பியும் ஆணியும் வாளியும் நிறுத்து விற்றவர், எடை என்றதும் ஆளையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார். ஆளை நிறுத்துப் பார்த்து, கனம் அதிகமானால் அதற்குத் தகுந்தாற்போல் மூட்டையைக் குறைப்பார்கள் என்பது அவர் கணக்கு. வீட்டுக்கு வந்து அத்தையை மேலும் கீழும் பார்த்தார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் சாயங்காலப் பலகாரம் நின்றது. ராத்திரி மூன்று தோசை ஒன்றாயிற்று. நம் வீட்டுக் குட்டி கோகிலா தட்டில் மீதி வைத்தால் எடுத்துப் போட்டுக்கொள்வதும் நின்றது. உனக்காகத்தான் இந்த விரதம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். ஒரு வாரம் பொறுத்தார்கள். குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருக்கும்போது எல்லாரும் கடைக்குப் போனோம்.

கம்பிக்கட்டு நிறுக்கிற பெரிய தராசு உனக்கு நினைவிருக்கும், உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குமே, நீ சின்ன வயதில் அதில் ஊஞ்சல் ஆடி அடி வாங்கியதாக அத்தை சொல்வார்கள். அதன் ஒரு பக்கத்துப் பலகையில் அப்பா கோணி விரித்து அத்தையை உட்கார வைத்தார். மறு பக்கத்தில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினார். நான் கணக்குப் பலகையில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு பாதிக் கதவுதான் திறந்திருந்தது, அது போதாதா, தெருவே வாசலில் வந்து நின்றுவிட்டது. அத்தை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கூடையோடு போன ஒரு மீன்காரி பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துலாபாரமா, எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டாள். அத்தை கண்ணைத் திறக்காமலே, "ஏரோப்ளேன் சாமிக்குடி, போடி வேலையப் பாத்துகினு" என்றார்கள். எடைக்கல் போதவில்லை. அப்பா நாலு மண்வெட்டியையும் ஏற்றினார். அப்போதுதான் மரியதாஸ் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவர் வீட்டிலிருந்து சம்சாரம் காசம்மாளும் வந்துவிட்டார். ஆளை நிறுக்க மாட்டார்கள், பெட்டியைத்தான் நிறுப்பார்கள் என்று அவர் விளக்கிச் சொன்னார். அத்தை கீழே இறங்கினார்கள். அன்று ராத்திரி ஐந்து தோசை சாப்பிட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அத்தை தராசிலிருந்து இறங்கியதும் கோகிலா தானும் ஏறுவேன் என்று அடம் பிடித்தாள், அவளையும் நிறுத்தோம், அப்பாவும் ஏறினார். பிறகு கோகிலா என்னைக் காட்டி, "அம்மாவ எட போடலியா?" என்று கேட்டாள். குழந்தைதானே. அத்தை முந்தானையை உதறிக்கொண்டே, "அவ எங்கடி வரா? கடைய யாரு பாத்துக்கறது?" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்கள். அப்பா எடைக்கல்லை ஒவ்வொன்றாக இறக்கிப் பெரியது அடியில் சின்னது மேலே என்று அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்கி முடித்ததைக் கலைத்து இன்னொரு தரம் அடுக்கினார். என்னை நிறுக்க ஆணிப் பொட்டலமே போதும் என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது அப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அவன் எழுதலியே அமிர்தம். நானா கூட்டினு போயி பொண்ணு வூட்டுல நிறுத்துனா அவனுக்கு எப்பிடி இருக்குமோ" என்றார். சரிதான் என்று சொன்னேன். அவர் நினைப்பதும் சரிதான் தம்பி. கல்யாண வயதுப் பையனுக்குப் பக்கத்தில் நான் நின்றால் பார்க்கிறவர்கள் அக்காவா என்றுதான் கேட்பார்கள்.

இனி கார் கதை. நம் கனகராஜ் மாமா அம்பாசடர் வாங்கியிருப்பதை உனக்கு முன்பே எழுதியிருந்தோம். அவர் ஒரே பிடிவாதம், தாய்மாமன் காரில்தான் வந்து இறங்க வேண்டும், ரயிலில் வந்து ஆட்டோவில் இறங்கினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று. அவரும் அவர் சம்சாரமும் முன்னால், அப்பாவும் அத்தையும் பின்னால், சீர்த்தட்டுகள் நடுவில் என்று இடமெல்லாம் பிரித்துவிட்டார். நிச்சயத்தட்டு மாற்றும்போது அப்பாவோடு ஜோடியாக நிற்க ஒருவர் வேண்டும், அத்தை தன் வீட்டுக்காரர் தவறிய பிறகு தட்டைத் தொடுவதில்லை, அதனால் எங்கள் அக்கா இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்று தட்டு கொடுக்கிறோம் என்று மாமா சொன்னார். அது நியாயம். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி அவர், அந்த உரிமையை யாரும் கேட்க முடியாது, நானும் கேட்க மாட்டேன். பெங்களூர், பூனா வழியாகப் போகலாம் என்று பெரிய வரைபடம் ஒன்றை வாங்கி வந்து கொடுத்து என்னைக் கோடு போடச் சொன்னார். நானும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். வில்லியனூர் அந்த வரைபடத்தில் இல்லை, அதனால் கடலோரத்தில் ஒரு புள்ளியை நானே வைத்தேன்.

தூரப் பயணத்துக்கு முன்னால் வண்டியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மாமா எல்லாரையும் மயிலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோகிலாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் போனேன். காட்டேரிக்குப்பம் தாண்டவில்லை, முன்பக்கத்திலிருந்து இட்லிப் பானை திறந்ததுபோல் ஆவி. மாமா இறங்கி மூடியைத் திறக்கப் போய்த் துள்ளிக் குதித்தார். கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். எங்கே போகிறீர்கள் என்று அதில் ஒரு அம்மாள் கேட்டதற்கு மாமா மயிலம் என்று சொல்லியிருக்கலாம், இன்றைக்கு மயிலம், அடுத்த மாசம் பம்பாய் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் காரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அப்ப கூடவே ஒரு கெணத்தயும் ஏத்திகினு போங்க சாமி" என்றார். வரப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கடைசியில் வண்டியை இழுத்து வர டிராக்டர் வந்தது, அத்தை பட்டுப்புடவையோடு டிராக்டரில் உட்கார்ந்து வில்லியனூர் வந்து சேர்ந்தார்கள். ரேடியேட்டர் மாற்றிவிட்டேன், இனி டெல்லிக்கே போகும் என்று மாமா இப்போதும் சொல்கிறார். அவர் மனம் கோணாதபடி நீதான் எழுத வேண்டும்.

அப்பாவின் மனசு ரயிலில்தான் இருக்கிறது. நம் ஸ்டேஷனிலேயே ஏறி, விழுப்புரத்தில் மாறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் பம்பாய் வண்டி பிடித்தால் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார். அவருடைய பெரிய வாதம் என்னவென்றால், ரயில் பிடிக்கவில்லை என்றால் நடுவில் எங்காவது இறங்கிவிடலாம், விமானத்தில் அது முடியாது. சீர்த்தட்டும் வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை டின்னும் முறுக்கு டின்னும் உனக்காக எடுத்து வைத்திருக்கும் இரும்பு தோசைக்கல்லும் இருபது கிலோவுக்குள் அடங்காது என்பதும் உண்மைதான். நான் ஸ்டேஷனுக்குப் போய் நேரப் புத்தகம் கேட்டு வாங்கி வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு வழியில் வரும் ஊர்களையெல்லாம் படித்துக் காட்டினேன். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா என்று கோகிலா அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள், மாறி வந்தால் என்னைத் திருத்துகிறாள். பாகூரில் எங்கள் வீட்டில் பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான், எங்கள் அப்பா களத்துமேட்டில் நின்று என் பெண் போர்டு படிப்பாள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது பம்பாய் வரைக்கும் உள்ள போர்டெல்லாம் எனக்கு மனப்பாடம். விழுப்புரம் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் ஆடி வந்துவிட்டதே. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வர வேண்டும் என்றால் ஆடிக் கடைசியில் கிளம்பியாக வேண்டும். ஆடியில் நல்ல காரியத்துக்கு வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார்கள். ஜோசியர் அதற்கு வழி சொன்னார். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடுங்கள், புறப்பட்டதாகவே கணக்கு, பிறகு எப்போது வேண்டுமானாலும் வண்டி ஏறலாம் என்றார். பயணம் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு துணியும் கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் சேர்த்து மூட்டை கட்டி, நல்ல நேரத்தில் வாசற்படி தாண்டி இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது, உனக்கும் தெரிந்திருக்கும். வழக்கமாக ஒருநாள் இரண்டுநாள் வைப்பார்கள். ஒரு மாதம் முழுக்க வைப்பது நாமாகத்தான் இருப்போம். மரியதாஸ் வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்கள். காசம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பம்பாய்க்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள், வந்ததிலிருந்து காப்பிகூடக் கேட்கவில்லை, நல்ல விருந்தாளிகள் என்று கேலி செய்கிறார். மாதா படத்துக்குக் கீழேதான் மூட்டை இருக்கிறது, தினம் விளக்கும் கிடைக்கிறது.

மூட்டை கட்டுவதற்கு அப்பாவின் வேட்டி ஒன்றும் அத்தையின் புடவை ஒன்றும் நான்தான் மடித்துக் கொடுத்தேன். அத்தை உள்ளே போய்க் கட்டி எடுத்து வந்தார்கள். முந்தாநாள் ஆடிக்காற்றில் காசம்மாள் வீட்டுச் சன்னல் அடித்து அலமாரிக் கதவு திறந்து மூட்டை கீழே விழுந்துவிட்டது. அவிழ்ந்ததைக் கட்டித் தா, எங்களுக்கு உங்கள் முறை தெரியாது என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அரிசிக்கு நடுவில் மூன்று துணி இருக்கிறது. அப்பாவின் வேட்டி, அத்தையின் புடவை, அதற்கு அடியில் நான்காக மடித்த என் நீலப் புடவை. கொடியில் காணோமே என்று நான் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. நான் எதுவும் கேட்காமல் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் காசம்மாள் அடக்கமாட்டாமல் அத்தையிடம் கேட்டுவிட்டார். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையைத் தூக்காமல், "நேரம் தப்பிப்போச்சின்னா அப்புறம் கெடைக்குமா? கட்டி வெச்சிட்டேன். கூட்டறதும் கூட்டாததும் அவன் கையில கீது" என்று என்னைப் பார்த்து, "நீ ஏண்டி நிக்கற, கீரைய ஆயி" என்றார்கள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். அப்பா அன்று சாப்பிடும்போது வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார், குண்டக்கல்லில் தயிர்சாதம் கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தார்.

மற்றபடி இங்கே செய்தி ஒன்றும் இல்லை. கடையில் வியாபாரம் சுமார், மழை வந்தால் மண்வெட்டி ஓடும். கோகிலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அண்ணன் என்று சொன்னால் காற்றுதான் வருகிறது. அண்ணனுக்கு எழுது என்று சொன்னாள், ரயில் படம் ஒன்று வரைந்திருக்கிறாள், ரயிலுக்கு இறக்கையும் போட்டிருக்கிறாள், எல்லாருக்கும் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்றாள். இதோடு வைத்திருக்கிறேன். நீ மழையில் குடை இல்லாமல் போகாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாவிட்டாலும் உச்சியில் இரண்டு சொட்டாவது வை. தையல்நாயகி பி.எஸ்ஸி. படித்த பெண் என்று இங்கே எல்லாரும் கொஞ்சம் பயப்படுகிறார்கள், படித்தவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்று நான் சொன்னேன். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அடிக்கடி கூப்பிடு தம்பி. புது வீட்டில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால்தான் நாம் அங்கே இருக்கிறோம் என்று தோன்றும். இது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எழுதினேன்.

எந்த வண்டி என்பதை நீ இந்தக் கடிதம் கண்டவுடன் அப்பாவுக்கு எழுதிவிடு, ரயில் என்றால் இடம் பிடிக்க நாள் வேண்டும். விமானம் என்றால் ராகுகாலத்துக்கு ஏதாவது பதில் சேர்த்து எழுது. மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நீயும் உனக்கு வரப்போகிறவளும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நாலு பேர் மெச்ச நெடுநாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். என் ஆசீர்வாதமும் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
அமிர்தம்

மேலே கையெழுத்தைப் போட்டுவிட்டேன், கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. கவர் ஒட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். தட்டை மாமாவும் அவர் சம்சாரமுமே தூக்கட்டும். நான் கூட்டத்தில் பின்னால் நின்று பார்த்தாலும் போதும். கடையைச் சாத்திவிட்டு வருவது அப்பாவுக்குப் பெரிய விஷயம் இல்லை, நீ ஒரு வரி எழுதினால் அவரே சாத்திவிடுவார். எந்த வண்டி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டால் ரயில் என்று சொல்வேன். விமானமானால் உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று யோசித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள், எனக்கு வழியெல்லாம் யோசிக்க வேண்டும். என்னையும் வரச்சொல்லி எழுது தம்பி. பெண் வீட்டில் என்னைக் காட்டி இவர்கள் யார் என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு அப்பாவோ அத்தையோ பதில் சொல்ல வேண்டாம், நீ சொல்ல வேண்டும். என்ன சொல்வாய் என்று கடிதத்தில் எழுத வேண்டாம். அங்கே வந்து, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.